பெற்றோர் பங்களிப்புத் திட்டம்

என்னுடைய டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் சங்ககிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இரும்பு அலமாரிக்குள் இருந்தன. அன்று மாலை ஐந்து மணிக்குள் அவற்றோடு சேலத்து அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், கவுன்சிலிங்கில் எனக்கு ஒதுக்கிய இடம் வேறு யாருக்கோ போய்விடும். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேஸ் போட்டுவிடுவார்கள். அவர்களிடம் சட்டக் கல்லூரியும் இருக்கிறது. எனவே அதைப் பல்கலைக்கழகம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

காலையிலேயே நானும் அம்மாவும் ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டோம். அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒதுக்கீட்டு ஆணை, ஒரு தண்ணீர் பாட்டில், அம்மா தறி ஓட்டும் பட்டறையின் குழந்தைவேல் முதலாளி வீட்டில் கொடுத்த நான்கு வாழைப்பழம். வழி முழுக்க அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவள். தறிச் சத்தத்துக்கு மேலே இருபது வருடம் கத்திப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

எப்படிப் போய் மாட்டிக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் தெரு மாதேஷ் அண்ணன் அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தான். பிளஸ் டூ முடிவு வந்த அன்றே வீட்டுக்கு வந்து நின்றான்.

"கவுன்சிலிங்க நம்பி உக்காந்துட்டு இருந்தீங்கன்னா, ராமநாதபுரம் பக்கம் எங்கியாச்சும்தான் கெடைக்கும் சித்தி. இங்கன்னா ஊட்டு வாசலுக்கே பஸ்சு வருது. இப்போதைக்கு அட்வான்ஸ் கொஞ்சம் கட்டிட்டு ஒரிஜினலக் குடுத்துருங்க. வேண்டாம்னா அப்பறம் திருப்பி வாங்கிக்கலாம்" என்றான்.

ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் அவனுக்குப் பஸ் கட்டணத்தில் கழிவு, மூன்று பேரைச் சேர்த்தால் பஸ்ஸே இலவசம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் மூன்றாவது ஆள். அவனையும் பெரிதாகத் திட்ட மனம் வரவில்லை. அவன் அப்பாவும் தறிதான் ஓட்டுகிறார்.

அங்கே போன அன்று பன்னீர் தெளித்தார்கள். வாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். கட்டணம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லி, அம்மா முகம் செத்துப் போனதும், உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்குப் பாதி தள்ளுபடி என்று ஒரு வழவழத்த தாளைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு மடங்கு சொல்லிவிட்டுப் பாதியாகக் குறைப்பதை எங்கள் ஊர்ச் சந்தையில் பேரம் என்பார்கள். அங்கே அதற்கு உதவித்தொகை என்று பெயர். அட்வான்ஸைக் கட்டி ஒரிஜினல்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அம்மாவுக்கு ஒரே பெருமை. வரும் வழியெல்லாம், "காசக் கூட இப்ப முழுசாக் கேக்கல பாரு. காயிதந்தான் கேட்டாங்க. நல்ல மனுசங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்டில் கவுன்சிலிங் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் எனக்குச் சேலத்திலேயே இடம் கிடைத்தது. படிப்புக்கும் விடுதிக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம், எல்லாம் அரசாங்கத்தின் செலவு. அம்மா பட்டறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டி வேலைக்கென்று ஒடிசா போய், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆனவர். அவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் டி.சி.யைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். முதல் வருடக் கட்டணத்தை முழுதாகக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை, அதிர்ச்சி கூட அடையவில்லை. அவளுக்கு இது தெரிந்த விஷயம். எங்கள் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் வேலைக்குச் சேருவார்கள். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வட்டியும் வைத்தியச் செலவுமாக அது தீரவும் தீராது. வேறு பட்டறையில் கூப்பிட்டால், புது முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். அம்மாவே அப்படி இரண்டு முறை கை மாறியவள். குழந்தைவேல் முதலாளி மூன்றாவது.

அதனால் அம்மா நேராகச் சேலம் போய், அரசுக் கல்லூரியின் சேர்க்கை மேசையில் இருந்த பேராசிரியரிடம் கேட்டாள். அது கடைசி நாளுக்கு முந்தின நாள்.

"ஏனுங்க சார், என்ர புள்ளைக்கு அங்க பாக்கி நிக்குதுங்க. அத நீங்க கட்டிட்டுக் கூட்டிக்கோங்க. அதுதானுங்க மொறை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கூனிக் குறுகிப் போனேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, ஒரிஜினலப் புடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமையே கிடையாது. புகார் எழுதிக் குடுங்க. கண்டிப்பா திருப்பித் தரச் சொல்லுவாங்க."

"எப்பங்க தருவாங்க?"

"ஒரு மாசம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"நாளைக்குத்தானுங்களே கடைசி நாளு?"

அவர் என்னைப் பார்த்தார், என் ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்தார். "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் இந்த எடத்துலதான் இருப்பேன்" என்றார். அதற்கு மேல் அவரால் செய்ய ஒன்றும் இல்லை. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, நாள் மட்டும் இல்லை.

அந்தக் கடைசி நாளில் பல்கலைக்கழகத்தில் எங்களை வரவேற்பறையிலேயே வெகுநேரம் உட்கார வைத்தார்கள். யார் வந்தாலும் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்கிற இடம். எங்களுக்கும் கொடுத்தார்கள். அம்மா குடிக்கவில்லை, என்னையும் குடிக்க விடவில்லை. அதையும் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று பயந்தாள். உச்சிவேளை தாண்டிய பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

சேர்க்கைக்குப் பொறுப்பானவர் பெயர் ஜீவானந்தம். நல்ல மனிதர் மாதிரியே பேசுவார், அதுதான் கொடுமை. கண்ணாடிச் சுவர் போட்ட அறை, ஜில்லென்று ஏ.சி. அம்மா வாய் திறந்ததும் வெளியே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. நானும் சேலத்துக்காரந்தான், உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க பொண்ணு இப்பப் போயிட்டா அந்த சீட்டு நாலு வருசம் காலியாக் கெடக்கும். அந்த நஷ்டத்த யாரு கட்டறது? மேனேஜ்மெண்ட்டு என்னையக் கேக்கும்ல?"

"கட்டின அட்வான்ஸ நீங்களே வெச்சுக்கோங்க சாமி. காயிதத்த மட்டும் குடுத்துருங்க."

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்களே."

அம்மா காதுத் தோட்டைக் கழற்றப் போனாள். "இது என்ன அடகுக்கடையாம்மா?" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில். அடகுக்கடையில் வைத்த பொருளுக்கு ரசீதாவது தருவார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. டி.சி. அவரிடம் இருக்கிறதே. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சேலம் போக ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

அப்புறம் அம்மா அவர் காலில் விழுந்தாள். சடாரென்று, புடவை முந்தானை நாற்காலியில் மாட்டிக் கிழிய விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். "எந்திரிங்கம்மா, பாக்கறாங்க" என்றார். கீழே கிடந்தபடியே அம்மா சொன்னாள்:

"தறிக்காரனாச்சும் காசக் குடுத்துட்டுத்தானுங்க கட்டிப் போடுவான். நீங்க எங்க காசையும் வாங்கிக்கிட்டுக் கட்டிப் போடறீங்களே சாமி."

அவருக்கு அது எட்டியதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எழுந்து ஜன்னலோரம் போய்ப் பேசினார். "மெஸ்ஸுல ஆளு நிக்க மாட்டேங்குதுன்னா நான் என்னப்பா பண்ணட்டும்? மூணு பேரு போயிட்டாங்கன்னா புதுசாப் புடி. மூவாயிரம் பசங்களுக்கு யாரு பாத்திரம் கழுவறது?"

தறிச் சத்தத்தில் நூல் அறுந்தால் கூடக் கேட்கிற காது அம்மாவுடையது. எழுந்து நின்றாள், கண்ணைத் துடைத்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. "அம்மா, வேண்டாம்மா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏனுங்க சார், அந்த வேலைக்கு நான் வாரனுங்க. இவ காயிதத்த விட்டுருங்க. இவ பாக்கிய என்ர பேருல எழுதிக்கோங்க. நான் இங்கயே இருந்து கழிச்சுப் போடறேன்."

ஜீவானந்தம் சிரித்தார். "என்னம்மா, இது என்ன தறிப்பட்டறையா?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அம்மாவின் கைகளைப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் தேவலை.

"ரெண்டு நேரமும் வேலை இருக்கும். இங்கயே தங்கோணும்" என்றார்.

"தங்கறனுங்க. கொழந்தவேலு மொதலாளிக்கு நானே கொஞ்சம் பாக்கிங்க. அதையும் நீங்க கட்டிருங்க. ரெண்டையும் சேத்து எழுதிக்கோங்க."

பெண் பார்க்க வந்த வீட்டில் சீர் பேசுகிற மாதிரி அம்மா பேசிக்கொண்டு போனாள். முறை தெரிந்தவள், ஒன்றையும் விடவில்லை. அவர் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்தாள்.

"நீங்க பாட்டுக்கு ரெண்டு மாசத்துல ஓடிப் போயிட்டீங்கன்னா?" என்று கேட்டார்.

"அதுக்கு ஜாமீன் வேணுமுங்களே. ஆளு இல்லாம எப்படிங்க?" என்றாள் அம்மா. பட்டறையில் அதுதான் வழக்கம். ஒருவர் அட்வான்ஸ் வாங்கினால் இன்னொருவர் ஜாமீன் போட வேண்டும், ஓடிப் போனால் ஜாமீன் போட்டவர்தான் கட்ட வேண்டும். "இவ போடுவாளுங்க. போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சுது."

நான் அறையை விட்டு வெளியே ஓடிவிட்டேன்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று அழுதேன். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் ஆசிரியை கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும் என்று எழுதி எழுதிப் பழக்கியிருந்தார். எந்த வருடம் வந்தது, என்ன தண்டனை, எல்லாம் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த மதிப்பெண் பட்டியலும் உள்ளே அந்த அலமாரியில்தான் இருந்தது.

அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். பட்டறையில் சத்தம் அதிகமானால் யாரும் கத்த மாட்டார்கள். உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிர்த் தறியில் நிற்பவர் படித்துக்கொள்வார். நானும் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் வளர்ந்தவள்தான். அம்மாவின் உதடு அசைந்தது.

"மணி ஆவுது சாமி. போட்டுரு."

உள்ளே போனேன். போட்டேன். பதினெட்டு முடிந்த பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அது.

அலமாரியைத் திறக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு உறையை உருவி என் கையில் கொடுத்தார்கள். அம்மா துணிப்பையிலிருந்து ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துக் கொடுத்தாள், இரண்டு வாழைப்பழத்தையும் திணித்தாள். "பஸ்சுக்கு நிக்காத, வர்ற லாரிய நிறுத்திக் கேளு. ஓடு" என்றாள். நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் கையைக் காட்டினேன். குடும்பத்தோடு போன ஒரு கார் நின்றது.

சேலத்தில் மேசைகளை எல்லாம் மடக்கிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "குடுத்துட்டாங்களா! அம்மா வரலையா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவர் முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் பல்கலைக்கழகத்தின் கேட்டுக்குப் போகிறேன். வேலைக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அம்மா உள்ளே இருந்து கம்பிக்குப் பக்கத்தில் வருவாள், நான் வெளியே நிற்பேன். காவல்காரர் முதலில் என்னை அங்கே படிக்கிற பெண் என்றும் அம்மாவை என்னைப் பார்க்க வந்தவள் என்றும் மாற்றிப் புரிந்துகொண்டு குழம்பினார். அம்மாவின் கை சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் உரிந்து கிடக்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. தறிச் சத்தம் இல்லாமத்தான் தூக்கம் புடிக்க மாட்டேங்குது" என்பாள். சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாவற்றையும் சம்பளத்தில் பிடித்தது போகப் பாக்கி இறங்குகிற வேகத்தைப் பார்த்தால், நான் பட்டம் வாங்குகிற வருடம்தான் அவளும் வெளியே வருவாள்.

புகார் கொடுக்கலாம் என்று என் விடுதி அறைத் தோழி ஷாலினி சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன். "நாம பேசித்தான கண்ணு வந்தோம்? பேசிட்டு மாறக் கூடாது" என்றாள். அந்த நேர்மையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடம் நேர்மை? கம்பியைப் பிடித்து ஆட்டிச் சண்டை போட்டேன். காவல்காரர் வந்து என்னைத் தள்ளிவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விடுதியில் எனக்கு இலவசமாகப் போடுகிற சோறு அது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அம்மா ஒரு மாதிரிக் குரலில் சொன்னாள். "எனக்கப்பறம் ஆறு பொம்பளைங்க வந்துட்டாங்க சாமி. எல்லாம் இங்க படிக்கற புள்ளைங்களோட அம்மாங்கதான். பீஸ் கட்ட முடியலைன்னு வந்து நின்னா, இப்ப ஜீவானந்தம் சாரே கேக்கறாராம், நீங்க வேலைக்கு வரீங்களான்னு. மகனுக்கே பரிமாறுது ஒரு பொம்பளை. அவன் தலையே தூக்க மாட்டேங்கறான்."

மறுபடியும் மே மாதம் வந்தது. பிளஸ் டூ முடிவு வந்த வாரம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேட்டுக்கு மேலே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது. தலையில் வெள்ளைத் தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டமளிப்பு அங்கி போட்ட ஏதோ ஒரு பெண். கீழே கொட்டை எழுத்தில்: "வசதி இல்லையா? கவலை வேண்டாம்! பெற்றோர் பங்களிப்புத் திட்டம். எங்கள் குடும்பத்தில் ஒருவர், திருமதி சௌந்திரம்."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

"ஏங்கண்ணு, நீ இங்கதான் படிக்கறயா?"

திரும்பினேன். அம்மா வயதில் ஒரு பெண், நெற்றி முழுக்க வியர்வை. அவள் பின்னால் புதுச் சுடிதாரில் ஒரு பெண்பிள்ளை, மார்போடு ஒரு பிளாஸ்டிக் உறையை அணைத்துப் பிடித்திருந்தாள். உறைக்குள் ஒரிஜினல்கள்.

"இது நல்ல காலேஜுங்களா கண்ணு? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவங்கப்பன் சங்ககிரில லாரிக்கு லோடு ஏத்தறாரு. அவ்வளவு பீஸு எங்களால ஆகாது. இந்தம்மா படத்தப் பாத்துட்டுத்தான் எறங்குனோம்."

எவ்வளவோ சொல்ல வந்தது. உறையைக் கொடுக்காதீர்கள், கவுன்சிலிங்குக்குக் காத்திருங்கள், அரசாங்கம் கட்டும், இவர்கள் கட்டிப் போட்டுவிடுவார்கள். "குடுத்துராதீங்க, காத்திருங்க" என்று அரைகுறையாக வந்தது. அவளுக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் ஃபிளெக்ஸைக் காட்டிக் கத்தினேன்.

"அது எங்கம்மாங்க! எங்கம்மா! என்னையப் படிக்க வெக்கத்தான் உள்ள பாத்திரம் கழுவறாங்க!"

சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீதான் அந்தப் புள்ளையா சாமி? அப்ப நெசந்தானா? நான் கூட சும்மா போட்டுருக்காங்களோன்னு பயந்தேன். பாத்திரம் கழுவறதுக்கு என்ன கண்ணு, ஊட்டுல கழுவாததா?" மகளைப் பார்த்துத் திரும்பி, "பாத்தயா? வா" என்றாள். நான் அவள் புடவையைப் பிடித்தேன். "இல்லீங்க, கேளுங்க, கேளுங்க" என்றேன். அதற்குள் காவல்காரர் அட்மிஷனா என்று விசாரித்து, கேட்டை அகலத் திறந்தார், என் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். உள்ளே பன்னீர் தெளிக்கிறவர்கள் தயாராக நின்றார்கள்.

அம்மா கம்பிக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். போகிற இரண்டு பேரையும், அந்த உறையையும் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொன்னயா அவங்ககிட்ட?"

"சொன்னேம்மா. உன்ர மகள்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"அதக் கேட்டுட்டுத்தாம்மா உள்ள போறாங்க."

அம்மா கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைத் தொட்டாள். மெஸ் பக்கத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னைக்கு அட்மிஷன் சாப்பாடு. அவங்களுக்கும் நாந்தான் எலை போடோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.